பாவில் நிற்கும் இழை

வெளியே வந்தவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "ஸ்டாமினா இல்ல அத்தை" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் தம்பி மகன். காவலர் தேர்வுக்கு இரண்டு வருஷமாகப் படித்தவன். எழுத்துத் தேர்வில் தேறி, உயரம், மார்பளவு எல்லாம் சரியாக வந்து, 1500 மீட்டர் ஓட்டத்தில் போய்விட்டது. ஆண்கள் அதை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஓடியிருக்கிறான். இரண்டாவதில் கூட்டத்தின் நடுவில். மூன்றாவது சுற்றின் வளைவில் தொடை இரண்டும் கல்லாக இறுகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். வேப்பமர நிழலில் காத்திருந்த எனக்கு அவன் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஸ்கூட்டியில் வரும்போது நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. கெடிலம் பாலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டான்: "அத்தை, நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே. ஸ்டாமினான்னா தமிழ்ல என்னா?"

"தாங்கும் சக்தி" என்றேன்.

"அது இல்ல அத்தை. தாங்குறதுன்னா மூட்டையைத் தாங்குறது மாதிரி இருக்கு."

அவன் சொன்னது சரி. பத்தொன்பது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன். அந்தச் சொல்லைப் பாடத்தில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. அன்றைக்குத் தோற்றுப்போன ஒரு பையனுக்குத் தன் தோல்வியின் பெயராக இருந்தது அந்த ஒரு சொல்தான். அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டோமே என்று இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கடலூரில் அந்தச் சொல் இல்லாத இடமில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் ஓடுகிற பையன்கள் வாயில் அதுதான். "ஸ்டாமினா ஏத்தணும்டா." "பத்து நாள் விட்டேன், ஸ்டாமினா எறங்கிடுச்சு." ஏறும், இறங்கும். தொட்டித் தண்ணீர் மாதிரி. கைப்பேசியில் விளையாடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது திரையின் ஓரத்தில் பச்சைக் கோடாகக் குறைந்துகொண்டு வருகிற ஒன்று. ஜிம் வாசலில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் பொடிகளின் மேல் அந்தச் சொல் இருக்கும். பஸ் நிலையத்துச் சுவரில், லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்கள் ஒட்டும் நோட்டீஸிலும் இருக்கும். அங்கே அதற்கு அர்த்தம் வேறு. இந்தக் கடைசி இரண்டு இடங்களிலும் அதைக் காசு கொடுத்து வாங்கலாம் என்கிறார்கள். அது பொய். வயதுப் பிள்ளைகளின் பயத்தில் காசு பார்க்கிற பொய். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வகுப்பில் வேறு தொல்லை. பிள்ளைகள் "ஹி இஸ் வெரி ஸ்டாமினா" என்று எழுதுவார்கள். நாம் "அவன் நல்ல பலசாலி" என்று சொல்கிற பழக்கத்தில் வருவது. ஸ்டாமினா ஆளுடைய குணத்தைச் சொல்கிற அடைமொழி இல்லை, ஆளிடம் இருக்கிற ஒரு பொருள். "ஹி ஹாஸ் ஸ்டாமினா" என்றுதான் வரும். எண்ணவும் முடியாது; ஒரு ஸ்டாமினா, இரண்டு ஸ்டாமினா என்று கிடையாது. எனர்ஜி வேறு, ஸ்ட்ரெங்த் வேறு. ஒரே மூச்சில் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போடுவது ஸ்ட்ரெங்த். அந்த மூட்டையோடு நாள் முழுக்க லாரிக்கும் குடோனுக்கும் நடப்பது ஸ்டாமினா. மூன்று மணி நேரத் தேர்வில் கடைசி அரை மணியிலும் கையெழுத்து கலையாமல் எழுதுகிற பெண்ணிடமும் அது இருக்கிறது. உடம்புக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் வரம்பு கிடையாது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தெம்பு இருக்கிறது. ஆனால் தெம்பு சாப்பிட்டால் வரும், காய்ச்சலில் போகும். அது இன்றைய கணக்கு. திராணி என்றால் "எதிர்த்துப் பேசத் திராணி இருக்கா" என்று சண்டைக்குப் போய்விடுகிறது. தம் நல்ல சொல். "தம் கட்டி ஓடு" என்கிறோம். பாரசீகத்தில் தம் என்றால் மூச்சு. உருது வழியாக நம்மிடம் வந்தது. பிரியாணிக்குத் தம் போடுவதும் அதே தம்தான், ஆவியை உள்ளே அடக்குவது. ஆனால் தம் கட்டுவது மூச்சை நிறுத்திப் பிடிப்பது. 1500 மீட்டர் ஓடுகிறவன் மூச்சைப் பிடித்தால் நூறு மீட்டரில் முடிந்துவிடும். சளைக்காமல், ஈடுகொடுத்து, தாக்குப்பிடித்து என்று வினையாகத்தான் தமிழில் நிறைய இருக்கிறது. தாக்குப்பிடித்தல்தான் ஆகக் கிட்டத்தில் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன், அந்தச் சொல்லோடு கடலூர்க்காரர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

மறுநாள் பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டாமினா லத்தீன் சொல். ஸ்டாமென் என்பதன் பன்மை. ஸ்டாமென் என்றால் தறியில் பாவு நூல், நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல்.

பாவு! என் தாத்தா வாயிலிருந்து ஆயிரம் முறை கேட்ட சொல். அம்மாவுக்குக் குறிஞ்சிப்பாடி. அம்மாவின் அப்பா கைலி நெய்தவர். வீட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் குழித்தறி. பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்துக்கொண்டு தாத்தா உட்கார்ந்திருப்பார். கோடை விடுமுறை முழுக்க எங்களுக்குத் தூக்கமும் விழிப்பும் அந்தச் சத்தத்தில்தான். என் அம்மா சின்ன வயதில் ராட்டையில் தார், அதாவது குறுக்கு நூலுக்கான கண்டு, சுற்றியவள். இப்போதும் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கை சும்மா இராது, எதையாவது சுற்றிக்கொண்டே இருக்கும்.

லத்தீன்காரர்கள் அந்த நூலுக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்றால், அவர்களுடைய பழைய தறி நின்ற தறி. பாவு மேலிருந்து கீழாகத் தொங்கும். நிற்பது என்ற வேரிலிருந்தே ஸ்டாமென் வந்தது; நிற்கும் நூல். நம்முடைய பாவு நிற்பதில்லை. பாவுதல் என்றால் பரவுதல். தெருவின் நீளத்துக்குப் பரப்பி நீட்டுவதால் பாவு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நூலைப் பார்த்து, ஒருவர் அது நிற்பதைச் சொன்னார், இன்னொருவர் அது படர்வதைச் சொன்னார்.

அந்த நூலுக்கும் ஓடுகிறவன் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ரோமர்களுடைய நம்பிக்கையில் விதியின் தேவதைகள் மூன்று பேர். ஒருத்தி மனிதனின் உயிரை நூலாக நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி அறுக்கிறாள். அந்த உயிர்நூல்களும் ஸ்டாமினாதான். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பன்மையாகவே இருந்தது. ஒருவன் பிறக்கும்போது அவனுக்குள் எந்த இழைகள் ஓடுகின்றனவோ அவை என்று பொருள். போகப் போக அந்த இழைகள் எல்லாம் சேர்ந்து ஒற்றைச் சொல்லாகி, நீண்ட நேரம் அறுந்துபோகாமல் இருக்கும் வலு என்றாயிற்று. இன்னொரு கிளை பூவுக்குள் போனது. செம்பருத்தியின் நடுவில் நீளும் தண்டைச் சுற்றி மஞ்சள் பொட்டுகளோடு மெல்லிய இழைகள் நிற்கும் இல்லையா, நம் பாடப்புத்தகத்தில் மகரந்தத்தாள் என்று படித்தது, அதற்கும் ஸ்டாமென் என்றே பெயர். எட்டாம் வகுப்பில் பூவைப் பிரித்து ஒட்டியபோது தெரியவில்லை.

அன்று மாலையே அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அம்மா, தறியில பாவு முக்கியமா, குறுக்கே போற ஊடை முக்கியமா?"

"இது என்னா கேள்வி? ரெண்டும் இல்லாம துணி ஏது?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "ஊடைக்கு என்னா, நாடாவுல போகும் வரும். தீந்தா வேற தார் மாத்திக்கலாம். அடி வாங்குறதெல்லாம் பாவுதான்."

அம்மா சொன்னதைத் தறியைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊடை நூல், நாடா என்கிற ஓடத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. ஒரு முறை குறுக்கே போகிறது, படுத்துக்கொள்கிறது, அதன் வேலை முடிந்தது. பாவு நூல் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டு விறைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் பாதி இழைகள் மேலே போக வேண்டும், பாதி கீழே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பு மாதிரி இருக்கும் அச்சு வந்து இடிக்கும்போது அதன் பற்கள் இழையை உரசுகின்றன. ஒரு அங்குலத் துணிக்குள் போவதற்கு முன் அந்த இழை எத்தனை தரம் இழுபட்டு, உரசப்பட்டு, ஏறி இறங்கியிருக்கும்! அதில் ஒன்று அறுந்தாலும் தாத்தா தறியை நிறுத்திவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவில் அறுந்த நுனியை விரலாலேயே தேடிப் பிடிப்பார். ஒட்டு இழை கொடுத்து முடி போட்டு, எச்சில் தொட்டு முறுக்கி, அச்சுக்குள் விட்டு இழுப்பார். அப்புறம்தான் அடுத்த மிதி.

ஆனால் நான் அகராதியை மூடியதும் நினைத்தது இதை அல்ல. கஞ்சியை நினைத்தேன்.

பஞ்சு நூலை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. ஏற்றினால் பிசிறு கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, ஒரு முழம் நெய்வதற்குள் அறுந்து கொட்டும். அதற்காகத்தான் பாவுக்குக் கஞ்சி போடுவது. விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவை நீட்டி, நடுநடுவே கவைக்கால் நட்டுத் தாங்கக் கொடுப்பார்கள். முதல்நாளே நொய்யில் காய்ச்சி வடிகட்டிய கஞ்சி. அதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுவார்கள், இல்லையென்றால் காய்ந்ததும் நூல் குச்சியாகி முறியும். கஞ்சியை இழை முழுக்கப் படியவைத்து, புல்வேரில் கட்டிய அகலமான பிரஷ்ஷைப் பாவின் மேல் வைத்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். பிசிறெல்லாம் படிந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் பிரிந்து, வெயில் பட்டதும் தெருவே மினுமினுக்கும். அந்த வாசனை, புளித்த கஞ்சியும் எண்ணெயும் ஈரநூலும் கலந்த வாசனை, இதை எழுதும்போதும் எனக்கு வருகிறது. திடீரென்று தூறல் போட்டால் அடுத்த வீடு, எதிர்வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு எல்லாம் ஓடி வந்து பாவைச் சுருட்டும்.

கஞ்சி குறைந்தால் நூல் பஞ்சாய்ப் போகும், கூடினால் முறியும் என்று தாத்தா சொல்வார். "நூலுக்குத் தெம்பு ஏத்துறோம்" என்பார். அந்த வேலையில் அவசரம் கிடையாது. தறியில் உட்கார்ந்த பிறகு நூலை வலுவாக்க எந்த வழியும் இல்லை. அது வெளியே, தெருவில், நாலு பேர் கூடி, முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டியது.

இதைத்தான் என் தம்பி மகனிடம் சொன்னேன். பையன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவன் செய்தது கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றியதுதான். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமும் தினமும் சில்வர் பீச் மணலில் உயிரைக் கொடுத்து வேகமாக ஓடியிருக்கிறான். ஒவ்வொரு நாளும் தேர்வு மாதிரியே. வாந்தி வரும் வரை ஓடினால்தான் ஸ்டாமினா ஏறும் என்று மைதானத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓட ஓடத்தான் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற இரத்தம் கூடுகிறது. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நாடி மெதுவாகத் துடிப்பது அதனால்தான். குறைந்த துடிப்பிலேயே போதுமான இரத்தம் போய்விடுகிறது. தசைக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு சேர்க்கிற நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. அதை வைத்து ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. அந்த நுண்குழாய்க்குப் பாடப்புத்தகத்தில் தந்துகி என்று பெயர். தந்து என்றால் வடமொழியில் நூல். இங்கேயும் நூல்! ஓடுகிறவனின் தொடைக்குள் இழை இழையாகப் பாவு விரிகிறது என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓட்டத்தை விட்டுவிட்டால் சில வாரங்களில் இதெல்லாம் குறையத் தொடங்கும். பையன்கள் ஏறும், இறங்கும் என்று சொல்வது உண்மைதான்.

வேகமாகவும் ஓட வேண்டும்தான், வாரத்தில் ஒன்றிரண்டு நாள். தினமும் அல்ல. பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட பயிற்சி முறையே அதுதான். எங்கள் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஒருவனைப் பார்த்து ஒருவன் ஓடிக் கெடுத்துக்கொள்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் அடகு வைத்துப் படிக்கவைக்கிறார்கள். ஒரு தேர்வு போனால் ஒரு வருஷம் போகிறது.

தாக்குப்பிடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஆங்கிலத்தில் இதன் பக்கத்தில் என்டியூரன்ஸ் என்று ஒரு சொல் உண்டு. கடினம் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, இறுகிப்போவது. நம் தாக்குப்பிடித்தல் அதற்கு நெருக்கம். முதலில் தாக்கு, அதாவது அடி. அப்புறம் பிடி. அடி இல்லாமல் அந்தச் சொல்லே இல்லை. 2004 சுனாமி, 2015 வெள்ளம் இரண்டையும் கடலூர் பார்த்தது. நடுவில் 2011 டிசம்பர் 30 விடிந்தபோது தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட பலா மரங்களும் முந்திரிக் காடும் வேரோடு சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. அப்போது யாரும் ஸ்டாமினா என்று சொல்லவில்லை. "எப்படியோ தாக்குப்பிடிச்சோம்" என்றுதான் சொன்னோம். அந்த "எப்படியோ"வில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டாமினா நாமாக விரும்பி, முன்கூட்டி ஏற்றிக்கொள்வது. தாக்குப்பிடிப்பது தலையில் வந்து விழுவது. கடலோர மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சும்போது எனக்குக் கோபம் வரும். தாங்கினோம், வேறு வழியில்லாமல். ஒரு பலா நட்டுக் காய் பார்க்க எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று தோப்பு வைத்தவர்களைக் கேளுங்கள். இரண்டு சொல்லும் இரண்டாகவே இருக்கட்டும். ஸ்டாமினாவுக்குத் தமிழ் தேடிப் போய், தாக்குப்பிடித்தலை அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். ஆறு மாதமாக ஓடுகிறான். முதல் இரண்டு மாதம் வேகமே கூடாது என்று சொல்லிவிட்டேன். மைதானத்தில் மற்றவர்கள் எல்லாம் தாண்டிப் போகும்போது அவனுக்கு அழுகை வந்திருக்கிறது, சொன்னான். என் அம்மா தினமும் இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, ஓடிவிட்டு வந்ததும் மோர் விட்டுக் கரைத்துக் கொடுக்கிறாள். "கஞ்சி போடாத நூலு ஓடாதுடா" என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

கணக்கு இதுதான். 1500 மீட்டருக்கு 420 வினாடி. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 112. போன தடவை அவன் முதல் சுற்றை 80 வினாடிக்குள் ஓடியிருப்பான் என்று நினைக்கிறேன். தாத்தா காலையில் தறியில் உட்காரும்போது மிதிக்கிற சத்தமும் சாயங்காலம் விளக்கேற்றும்போது மிதிக்கிற சத்தமும் ஒரே மாதிரி இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். அது எப்படி முடிந்தது என்று கேட்டான். காலையில் அவர் வேகத்தைக் கூட்டவே மாட்டார் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக முழு 1500-ஐ நேரம் வைத்துப் பார்த்தோம். காலை ஐந்தரை. மைதானத்தில் புல் நனைந்திருந்தது. நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றேன். முதல் சுற்று 109. "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். இரண்டாவது 113. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, தோள் இறுகவில்லை. மூன்றாவது சுற்றின் வளைவுக்குள் அவன் போனபோது நான் கைப்பேசியைப் பார்க்கவில்லை, அவன் காலைத்தான் பார்த்தேன். ஒரே சத்தம். இடது, வலது, இடது, வலது. வளைவைத் தாண்டி நேர்கோட்டுக்கு வந்து என்னைக் கடந்தான். 113.

இன்னும் 300 மீட்டர் இருந்தது. கையில் 85 வினாடி இருந்தது.